ஐந்தாம் அத்தியாயத்துக்கு அனுமதி

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. அந்தச் சின்னப் பொண்ணு கதையை மட்டும் எடுத்துடுங்கம்மா" என்றாள் மகளிர் குழுத் தலைவி.

மாணவிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மாணவி என்றதும் இருபது வயதுக் குமரி என்று நினைத்துவிட வேண்டாம். வயது அறுபத்தொன்று. அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மருமகளின் லேப்டாப்பில் இரண்டு வருடமாக ஆன்லைனில் முதுகலை படிக்கிறாள். சமூக நீதியும் பழங்குடி மக்கள் பணியும் என்பது பாடம். "இந்த வயசுல படிச்சு எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போறே?" என்று வீட்டுக்காரர் கேலி செய்தபோதுகூட, "படிக்க வேண்டியதை அப்பவே படிக்கலையே" என்று மட்டும் சொன்னாள்.

அந்தப் படிப்பில் ஒரு விதி உண்டு. யாரைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறோமோ, அவர்கள் முன்னால் அதை வரி விடாமல் படித்துக் காட்ட வேண்டும். அவர்கள் வேண்டாம் என்பதை எடுத்துவிட வேண்டும். அவர்களுடைய கையெழுத்து இல்லாவிட்டால் ஆய்வேடு செல்லாது.

மலையடிவாரக் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் மூன்று நாளாக அதுதான் நடந்தது. இருபது பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டார்கள். அவளுக்குத் தொண்டை கட்டியபோது வெந்நீர் வைத்துக் கொடுத்தார்கள். இவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று அவள் நெகிழ்ந்துபோயிருந்த நேரத்தில்தான் தலைவி இந்தக் குண்டைப் போட்டாள்.

"அதுதாங்க இந்த ஆய்வேட்டுக்கே உயிர்" என்று கெஞ்சினாள் மாணவி.

ஐந்தாம் அத்தியாயம் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றியது. முப்பத்தைந்து வருடங்களுக்கு முன்னால், விடுதிப் பள்ளியில், அவள் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டாள். தன் தாய்மொழியில் கேட்டதுதான் தப்பாகிவிட்டது. வகுப்பாசிரியை அவளை உச்சி வெயிலில் முட்டி போட வைத்தாள். மறுநாள் விடிந்ததும் சிறுமி சுவரேறிக் குதித்தாள். இரண்டு நாள் காட்டுவழியே நடந்து வீடு வந்து சேர்ந்தவள், அதற்கப்புறம் பள்ளிக்கூடம் இருக்கும் திசையில் தலைவைத்தும் படுக்கவில்லை.

"இதை உங்களுக்கு யாரு சொன்னது?" என்று கேட்டாள் தலைவி.

"நேர்ல பார்த்தவங்க ஒருத்தர். பேர் வேண்டாம்னுட்டாங்க."

"கதை அந்தப் பொண்ணோடது. அவ சரின்னு சொல்லணும். அதைத் தூக்கிக் குடுக்க நாங்க யாரு?"

"எங்க இருக்காங்கன்னு சொல்லுங்க, நானே போய்க் கேக்கறேன்."

"எங்கேயோ நல்லா இருக்கா. விடுங்க."

அன்று சாயங்காலம் பேராசிரியர் திரையில் வந்தார். மாணவி ஐந்து நிமிடம் உருகி உருகிப் பேசினாள். அவர் காதில் கைவைத்துக் காட்டினார்.

"அத்தை, மியூட்ல இருக்கீங்க" என்றாள் மருமகள்.

மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. அவர் உச்சுக்கொட்டினார். "அது இல்லேன்னா தேர்ச்சியே இழுபறிதாம்மா. ஆனா விதி விதிதான். நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள அனுப்பிடுங்க."

வீட்டுக்காரர் உள்ளேயிருந்தே யோசனை சொன்னார். "ஊர்ப் பேரை மாத்திட்டு உள்ளே சொருகு. யாருக்குத் தெரியப்போகுது?"

மாணவி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருபத்திரண்டு பக்கங்களையும் தேர்ந்தெடுத்து அழித்தாள்.

"அத்தை! ரெண்டு வருஷ உழைப்பு" என்று பதறினாள் மருமகள்.

"அவங்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க. சொன்னதைக் காதுல வாங்கிக்கறதுக்குத்தானே இந்தப் படிப்பு" என்றாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் குடியிருப்புக்குப் போனாள். தலைவி ஒவ்வொரு பக்கமாக விரலை ஓட்டிப் பார்த்தாள். நான்காம் அத்தியாயத்துக்கு அடுத்து ஆறு வந்தது. எண்ணை மாற்றக்கூட மாணவிக்கு நேரம் இருந்திருக்கவில்லை.

"நிஜமாவே எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேங்க."

"மார்க் போயிடாதா?"

"போனா போகட்டும்."

தலைவி பேனாவை வாங்கி ஒப்புதல் தாளில் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். "எங்களைப் பத்தி எத்தனையோ பேர் வந்து எழுதிட்டுப் போயிருக்காங்க. எங்க வார்த்தைக்காக ஒருத்தரும் ஒரு வரியைக்கூட எடுத்ததில்ல. ரொம்ப நன்றிம்மா."

மாணவிக்குக் கண் கலங்கிவிட்டது. "நான்தாங்க நன்றி சொல்லணும். என்னை உள்ளே விட்டு உட்கார வெச்சீங்களே, அதுவே எனக்குப் பெரிசு."

"சரி சரி, அழாதீங்க. மணியாகுது. அந்த அத்தியாயத்தைத் திரும்பச் சேர்த்து அனுப்பிடுங்க."

"ஐயோ, அந்தப் பொண்ணு சரின்னு சொல்லணுமே?"

"அதான் சொல்லிட்டேனே!"

மாணவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, தலைவியின் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"ஒண்ணே ஒண்ணு" என்றாள் தலைவி, பேனாவை அவள் கையில் திருப்பிக் கொடுத்தபடி. "முட்டி போட வெச்சது யாருன்னு சொல்லாம, 'வகுப்பாசிரியை'ன்னு மொட்டையா விட்டிருந்தீங்க. அங்க உங்க பேரை எழுதிடுங்க, டீச்சர்."