இடுப்பளவுத் தண்ணீரில்

நோரீன் கட்டை விரலை மேலே தூக்கிக் காட்டினார்.

ஊரில் எல்லோருக்கும் அது 'பிரமாதம்'. கடலுக்குள் முக்குளிக்கிறவர்களுக்கு மட்டும் 'மேலே போகலாம், இன்றைக்கு வேண்டாம்'.

கோர்மாக் நம்பாமல் பார்த்தான். "நோரீன், இன்னும் முங்கவே இல்லையே! இடுப்பளவுத் தண்ணியிலதான் நிக்கறோம்."

"தெரியும். எனக்கு வேண்டாம்."

"இப்பதானே எல்லார் சாமானையும் சரிபார்த்தோம்?"

"பார்த்தோம். வேண்டாம்."

ஏன் என்ற கேள்வி அவன் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டான். யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், காரணம் கேட்கக் கூடாது, ஒருவர் ஏறினால் அத்தனை பேரும் ஏற வேண்டும். அயர்லாந்தின் மேற்குக் கரையில் இருந்த அந்தக் கிளப்பில் சேர்கிறவர்களுக்கு முதல் நாள் பாடமே அதுதான். பாடம் நடத்தியவனே அதை மீறினால் எப்படி?

"நல்லாருக்கு!" என்று தண்ணீரைக் கையால் அறைந்தான் ஈமன். இந்தப் பயிற்சியில் மிஞ்சியிருந்த இன்னொரு மாணவன். "மூணு சனிக்கிழமை புயல்னு போச்சு. இன்னிக்குக் கடல் குளம் மாதிரி கெடக்கு. இப்பப் பார்த்துத் தபாலம்மாவுக்குக் கால் உதறுது. பேசாம வீட்டுல உக்காந்து ஸ்டாம்ப் ஒட்டிட்டு இருந்திருக்கலாம்ல?"

நோரீன் கரைப் பக்கம் திரும்பினார். முதுகில் சிலிண்டரோடு, பாசி வழுக்கும் சரிவில் பார்த்துப் பார்த்து ஏறினார்.

கோர்மாக்குக்கு எரிச்சல் தலைக்கேறியது. வீட்டில் பத்து வாரமே ஆன இரட்டைக் குழந்தைகள். ஒன்று கண்ணை மூடினால் இன்னொன்று முறை போட்டுக்கொண்டு எழும். கடைசியாக முழுசாய்த் தூங்கியது எப்போது என்று அவனுக்கே ஞாபகமில்லை. இந்த லட்சணத்தில் நவம்பர் குளிரில், சும்மா சொல்லிக்கொடுக்க வந்து நிற்கிறான். பயிற்சியில் ஒரே ஒரு முக்குளிப்புதான் பாக்கி. இன்று முடிந்திருந்தால் விட்டது தலைவலி. குளிர்காலத்தில் பயிற்சி கிடையாது, இனி மே மாதம்தான்.

அவனுக்காவது தலைவலி. நோரீனுக்கு அதைவிடப் பெரிய நஷ்டம். முப்பது வருஷம் தபால் சுமந்து ஓய்வு பெற்றவர். அடுத்த மாதம் கிளப்போடு கேனரித் தீவுக்குப் போகிறார், வாழ்க்கையில் முதல் வெளிநாட்டுப் பயணம். தேர்ச்சி அட்டை இல்லாவிட்டால், அங்கே போய் மற்றவர்களின் துணிமணிக்குக் காவல் இருக்க வேண்டியதுதான்.

அப்படிப்பட்டவர் கடைசி நேரத்தில் காலை வாரிவிட்டாரே என்றுதான் அவனுக்கு ஆத்திரம்.

வேனுக்கு வந்ததும் பயிற்சித் தாளை எடுத்து அவர் பெயருக்கு நேரே எழுதினான்: 'பயம் அதிகம். இன்னும் பக்குவம் போதாது.'

நோரீன் அதைப் பார்த்தார். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"திரும்பிப் போகையில வேனை நான் ஓட்டட்டுமா, கோர்மாக்?"

"எதுக்கு? பாதி வழியில விரலைத் தூக்கிட்டு அதுவும் வேண்டாம்னு சொல்றதுக்கா?"

ஈமன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்துக்கொண்டே துணி மாற்ற வேனுக்கு அந்தப் பக்கம் போனான்.

சொன்ன பிறகு கோர்மாக்குக்கு என்னவோபோல் இருந்தது. ஆனால் மன்னிப்புக் கேட்கக்கூடத் தெம்பில்லை. நோரீன் ஒன்றும் நடக்காததுபோல் பிளாஸ்க்கைத் திறந்து தேநீர் ஊற்ற ஆரம்பித்தார். அவன் தன் சிலிண்டரைக் கழற்றித் தரையில் நிறுத்தினான். காற்றை மூடிவிட்டு வேனில் ஏற்றலாம் என்று வால்வைத் திருகினான்.

திரும்பவில்லை.

இன்னும் அழுத்தித் திருகினான். அசையவில்லை. குனிந்து மீட்டரைப் பார்த்தான். முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது.

எதிர்ப்பக்கம் திருகினான். புஸ்ஸென்று காற்று குழாய்களில் பாய்ந்தது. முள் துள்ளி எழுந்து 'நிறைய' என்று காட்டியது.

காலையில் வேனில் வைத்துத் திறந்து பார்த்தவன், மறுபடி மூடியிருக்கிறான். அதற்குப் பிறகு திறக்கவே இல்லை. குழாயில் தங்கியிருந்த காற்று இரண்டு மூச்சுக்குக் காணும். மூன்றாவது மூச்சை அவன் தண்ணீருக்கடியில்தான் இழுத்திருப்பான். அங்கே ஒன்றும் இருந்திருக்காது.

தண்ணீரில் நின்று ஒருவர் சாமானை ஒருவர் சரிபார்த்தபோது, அவனை இரண்டு மூச்சு இழுக்கச் சொல்லி அவன் மீட்டரைப் பார்த்தவர் நோரீன். அவன்தான், "என்னோடது சரியாத்தான் இருக்கும், சீக்கிரம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

மெல்ல நிமிர்ந்தான்.

"நீங்க... பார்த்துட்டீங்களா?"

"முள்ளு சர்ருன்னு கீழ விழுந்துச்சு. பார்த்தேன்."

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, நோரீன்! ஒரே திருகு. தொறந்துட்டு எறங்கியிருப்போம். உங்க அட்டையும் கைக்கு வந்திருக்கும்ல?"

நோரீன் தேநீரை அவன் கையில் கொடுத்தார். வேன் சாவியை அவன் பையிலிருந்து அவரே எடுத்துக்கொண்டார்.

"கண்ணாடில உன் கண்ணப் போய்ப் பாரு. நீ மறந்தது அது ஒண்ணுதான்னு எனக்கு எப்படிப்பா தெரியும்?"