கடைசி வரி மட்டும்

"குளியலறையில வாசிச்சா கடைசி வரி தேனாட்டம் வருதுக்கா. ஜன்னல்கிட்ட போனா மட்டும் எப்படி வராமப் போகும்?"

போனில் அக்காவிடம் குசுகுசுத்தாள் அவள். அவள் குசுகுசுத்தாலே பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

விஷயம் இதுதான். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவனுக்கு டின் விசில் என்றால் உயிர். சின்ன உலோகக் குழல், ஆறு துளை. அதற்கு நடக்கிற உபசாரம் கட்டிய மனைவிக்கு நடந்ததில்லை. வாசிக்கும் முன் உள்ளங்கையில் பொத்திச் சூடாக்குவான். முடித்ததும் குச்சியில் துணி சுற்றி உள்ளே ஈரம் போகத் துடைப்பான்.

அதெல்லாம் போகட்டும். இப்போது ஒரு மாதமாக வேலை விட்டு வந்ததும் நேரே ஜன்னல்தான். ஒரே பாட்டு. கடைசி வரி வந்ததும் 'கீச்'சென்று ஒரு அபஸ்வரம். அத்தோடு நிறுத்திவிடுவான்.

உடனே எதிர்க் கட்டடத்து மூன்றாம் மாடியில் திரை விலகும். வளையல் போட்ட ஒரு கை தெரியும். இவன் விட்ட கடைசி வரியை அங்கிருந்து இன்னொரு விசில் வாசித்து முடிக்கும்.

அப்போது இவன் முகத்தில் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"இவர் விடறார், அவ பிடிக்கறா!"

"கண்ணைத் திறந்து வச்சுக்கடி," என்று அக்கா எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினாள்.

மறுநாள் அவன் வழக்கமாக விசில் வாங்கும் கடைக்கே போய்விட்டாள்.

"அட, மெக்கானிக் வீட்டம்மாவா! போன மாசம்கூட ஒண்ணு வாங்கினாரே, நல்லா இருக்குதுங்களா?" என்றார் கடைக்காரர்.

வீட்டுக்குப் புதிதாக எதுவும் வரவில்லை.

"யாருக்குன்னு சொன்னாரா?"

"சொல்லலீங்க. ஆனா பாத்துப் பாத்து எடுத்தார். மூச்சு நிறையச் செலவாகக் கூடாது, மெல்ல ஊதினாலே பேசணும்னு கடையில இருந்த அத்தனையையும் ஊதிப் பாத்தார்."

மெல்ல ஊதணுமாம்! எந்த ஆம்பளை மெல்ல ஊதுவான்?

வீட்டுக்கு வந்தாள். விசிலின் வாயில் காற்றுப் போகும் கீற்றுக்குள் சோப்பைப் பிசைந்து அடைத்தாள். கட்டைவிரலால் நன்றாக அழுத்தினாள்.

சாயங்காலம் அவன் ஜன்னலோரம் நின்று ஊதினான். 'புஸ்' என்றது.

"என்னாச்சு இதுக்கு?" அவன் முகம் வெளுத்துவிட்டது.

"ஏன், யாராவது காத்துக்கிட்டிருக்காங்களா?"

"இ... இல்லையே."

அதற்குள் போன் வந்தது. எங்கேயோ லிஃப்டில் ஆட்கள் மாட்டிக்கொண்டார்களாம். விசிலை வைத்துவிட்டு, எதிர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே ஓடினான்.

எதிரே திரை விலகியது. வளையல் கை தெரிந்தது. இவள் விடுவிடுவென்று தெருவைக் கடந்து, மூன்று மாடி ஏறி, கதவைத் தட்டினாள்.

திறந்தவள் இளம்பெண். "அக்கா, நீங்களா! அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா?"

"அண்ணனா?"

உள்ளே நாற்காலியில் ஒருவர் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மூக்கில் ஆக்சிஜன் குழாய். மடியில் ஒரு புது விசில்.

அந்தப் பெண் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா பேண்டு வாத்தியக் குழுவுல வாசிச்சவர். இப்ப நுரையீரல் பழுது. மூச்சுப் பயிற்சி செய்யலேன்னா சளி கட்டிக்கும், மறுபடி ஆஸ்பத்திரிதான்னு டாக்டர் சொல்லிட்டார். இவரானா பயிற்சியே செய்ய மாட்டேன்னு ஒரே பிடிவாதம். எங்க லிஃப்டைச் சரிபண்ண வந்த அண்ணன்தான் இந்த விசிலை வாங்கிக் குடுத்தார். அப்பவும் தொடலை. அப்புறம்தான் அண்ணன் கடைசி வரியைத் தப்பா வாசிக்க ஆரம்பிச்சார். அப்பாவுக்கு அது பொறுக்காது. 'மறுபடியும் கெடுத்துட்டான் மடையன்'னு திட்டிக்கிட்டே வாசிச்சுக் காட்டுவார்."

"இன்னிக்கு?"

"சத்தமே வரலையே. அப்பா விசிலை எடுக்கவே இல்லை."

அவள் கட்டைவிரலில் இன்னும் சோப்பு வாசனை இருந்தது.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"தப்பா நினைக்காதீங்கக்கா. பாவம் பாத்து வாசிக்கறாங்கன்னு தெரிஞ்சா அப்பா விசிலைத் தூக்கி எறிஞ்சிடுவார். உங்ககிட்ட சொன்னா ஊருக்கே தெரிஞ்சிடும்னு அண்ணன்தான்..."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அக்காவோடு போனில் பேசியதெல்லாம் நினைவுக்கு வர, வந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

வீட்டுக்கு ஓடினாள். விசிலை வெதுவெதுப்பான நீரில் அலசினாள். சோப்பு கரைந்து போகும்வரை மறுபடி மறுபடி அலசி, ஈரம் துடைத்தாள். ஜன்னலைத் திறந்தாள். பாட்டு மனப்பாடம்தான், ஆனால் எந்த விரலை எங்கே வைப்பது? கண்டபடி வைத்து ஊதினாள். தெரு நாய் ஒன்று எழுந்து போனது.

எதிரே இருமல் சத்தம் கேட்டது.

"யாருடா அது? முதல் வரியையே கொலை பண்றான்!"

பிறகு அந்த விசில் முதல் வரியைத் தொடங்கியது. இடையிடையே மூச்சு வாங்கியது. ஆனாலும் நிற்கவில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

போன் அடித்தது. அக்காதான். "யாருடி அவ? கண்டுபிடிச்சியா?"

"யாருமில்லக்கா. விசில் ரிப்பேர், அவ்வளவுதான்," என்று வைத்துவிட்டாள்.

மூச்சிரைக்க உள்ளே வந்த கணவன் ஜன்னலைப் பார்த்தான், அவள் கையைப் பார்த்தான்.

"முழுப் பாட்டையும் வாசிக்கறாரே! ஒரு மாசமா என்னால கடைசி வரிக்கு மேல வாங்க முடியலையே, நீ எப்படி..."

அவள் குச்சியில் துணியைச் சுற்றி விசிலைத் துடைத்தாள்.

"உங்களுக்கு நல்லா வாசிக்கத் தெரியும், தெரியாத மாதிரி கடைசி வரியிலதான் நடிக்க முடிஞ்சுது. எனக்கு நடிக்கற வேலையே இல்லையே!"