வில்லியைத் தேடி வந்தவள்

சீரியலில் பெண்களை வேலைக்கென்று கூட்டிப்போய் விற்கிற தரகி வேஷம் பத்மஜாவுக்கு. அது ஓடத் தொடங்கியதிலிருந்து சாலைக் கடைத்தெருவில் நிம்மதியாகக் காய் வாங்க முடியவில்லை. முகத்துக்கு நேரே சாபம் விடுகிறார்கள். நேற்று ஒருத்தி காறித் துப்பியே விட்டாள்.

இன்று படப்பிடிப்பு வீட்டு வாட்ச்மேன் தங்கப்பன் வந்து நின்றார்.

"மேடம், பொன்முடி எஸ்டேட்காரி ஒருத்தி மூணு நாளா கேட்டுல நிக்கா. உங்களைப் பாக்காம போக மாட்டாளாம். விரட்டிரட்டுமா?"

"விடுங்கோ அண்ணா. அடிக்கணும்னா அடிச்சுட்டுப் போகட்டும்" என்று அலுப்போடு எழுந்து போனாள் பத்மஜா.

வந்தவள் பெயர் பேச்சியம்மாள். அவள் கையை ஓங்கவில்லை, கும்பிட்டாள்.

"எம் மக அஞ்சனாவையும் இப்படித்தான் ஒருத்தி கூட்டிட்டுப் போனாம்மா. தப்பிச்சு, எங்கயோ ஹாஸ்டல்ல சமையல் வேலை பாக்காளாம். எங்கன்னு சொல்ல மாட்டேங்கா. 'எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வீட்டுக்கு வருவேன்'னு அழுதுட்டுப் போனை வச்சுட்டா. அதுக்கப்புறம் போனே இல்ல. உங்க நாடகத்தை மட்டும் தினமும் பாப்பாளாம்."

"நான் என்ன செய்யணும்?"

"அதுல ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. அம்மாவுக்குக் கோவமே இல்லன்னு."

இன்றைய காட்சியில், பூட்டிய அறையில் இருக்கும் பெண்ணைத் தரகி மிரட்ட வேண்டும். கேமரா ஓடியது. பத்மஜா அந்தப் பெண்ணின் தலையைத் தடவினாள்.

"அஞ்சனா, உங்கம்மாவுக்கு உன் மேல கோவமே இல்லை. வீட்டுக்குப் போ."

"கட்! சேச்சி, இது ஸ்கிரிப்டில் இல்லையே?" என்று கத்தினார் டைரக்டர் சுதீஷ்.

"எத்தனை டேக் வேணும்னாலும் எடுங்கோ. எல்லாத்துலயும் இதையேதான் சொல்லப் போறேன்."