ஈர மணலில் நண்டு எழுதியது

கடற்கரையில் உள்ளான் குருவிகள் ஈர மணலில் காலால் எழுதித்தான் ஒன்றுக்கொன்று சேதி சொல்லும். வளை நண்டு ஒன்று அந்த எழுத்தைப் பழக ஆரம்பித்தது. அதன் முதல் கடிதம் இது: "மழை வருது. ஓடு."

அதைப் படித்த உள்ளான் ஒன்று ஓடிப்போய் நனையாமல் தப்பித்தது. "நல்லாப் புரிஞ்சுது," என்றது.

"சின்னப் பிள்ளை எழுதின மாதிரி இருக்கே," என்று நண்டு குறைபட்டுக்கொண்டது.

அதன்பின் 'எனினும்', 'ஆகையால்', 'அங்ஙனமே' என்று தேடித் தேடிக் கற்றது. அது எழுதியதை உள்ளான்கள் கூடி நின்று பார்த்தன. பாதி புரியவில்லை. கேட்கக் கூச்சப்பட்டுத் தலையாட்டின.

ஒருநாள் காலையில் வேடன் ஒருவன் வடக்கே கண்ணி புதைப்பதை நண்டு பார்த்துவிட்டது. பதறிக்கொண்டு எழுதியது:

"பேரன்புமிக்க உள்ளான் அவர்களுக்கு, நலம், நலமறிய ஆவல். நிற்க, இக்கடற்கரையின் வடபுறத்தே..."

கண்ணி என்ற சொல்லுக்கு வருவதற்குள் அலை வந்து நண்டைப் புரட்டிப் போட்டது. ஓரமாக மிஞ்சியது 'வடபுறத்தே' மட்டும்.

முதல் கடிதத்தைப் படித்த அதே உள்ளான் அதைப் படித்தது. "வடக்கே ஏதோ விசேஷம் போல," என்று பறந்து போனது.

கண்ணியை அறுத்துக்கொண்டு திரும்பியபோது அதற்கு ஒரு கால்விரல் இல்லை.

நண்டு கற்ற சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, வேண்டாமென்று வைத்தது. கடைசியில் எழுதியது:

"கால் வலிக்குதா?"

உள்ளான் நொண்டிக்கொண்டே வந்து, அடுத்த அலைக்கு முன்னால் அதன் பக்கத்தில் எழுதியது:

"கொஞ்சம்."