சைவக் குளத்துக்கு மீன்

மீன்காரன் துல்கர்னைன் மூன்று பானைகளையும் கொல்லைக் குளத்தின் கரையில் இறக்கிவைத்தான்.

ஆறுமுகநயினார் பிள்ளை மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். பொத்தாவிட்டால் வீட்டில் சந்தேகம் வரும்.

ஊற்றெடுத்துத் தானாக உண்டான குளம் அது. அல்லி மண்டிக் கிடந்தது. கொசுவும் அப்படியே. போன வாரம் வந்து பார்த்த மலேரியா இன்ஸ்பெக்டர், பத்து நாளுக்குள் மீன் விடுங்கள், இல்லையென்றால் குளத்தைத் தூர்த்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

சைவ வீட்டுக் குளத்தில் சைவ மீன்தான் நீந்த வேண்டும் என்று பிள்ளையின் மனைவி ஆவுடையம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். முட்டை அவிக்கிற வீடு இருக்கும் தெருவில்கூட நடக்காதவள். இப்போது பின்வாசல் நிலையில் சாய்ந்து நின்றுகொண்டு, நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல எது வேய் சைவம்?" என்றார் பிள்ளை, துல்கர்னைனை முன்பின் பார்த்திராதவர்போல.

"கொசுப்புழுவத் திங்கணும், சைவமாவும் இருக்கணும்னா மீனு பாவம் என்ன செய்யும் அண்ணாச்சி?"

பிள்ளை கண்ணாலேயே கெஞ்சினார். மாதம் இரண்டு தடவை குத்துக்கல்வலசையில் இருக்கும் அவர் தோப்புக்கு, வீட்டுக்குத் தெரியாமல், தூக்குச்சட்டியில் விரால் குழம்பு கொண்டுவந்து கொடுப்பவன் இதே துல்கர்னைன்தான். ஒரு வார்த்தை தவறி விழுந்தால் போதும், இருபது வருஷத்து மானம் போய்விடும்.

முதல் பானையில் விரால். பிள்ளை எட்டியே பார்க்கவில்லை. பார்த்தால் வாயில் நீர் ஊறிவிடும்.

"முழியே சரியில்ல, வேண்டாம்."

இரண்டாவது பானையில் கெளுத்தி. அது மீசை வைத்திருந்தது. போலீஸ்காரன் மாதிரி இருக்கிறது என்று அதையும் தள்ளிவிட்டார்.

மூன்றாவதில் கெண்டை. வெள்ளைவெளேரென்று, உடம்பெல்லாம் திருநீறு பூசினதுபோல் இருந்தது. இதுதான் நம்ம ஆள் என்றார் பிள்ளை.

துல்கர்னைன் கெண்டைப் பானையைச் சரித்தான்.

"ஐயோ, வேண்டாம்!" ஆவுடையம்மாள் பதறிக்கொண்டு ஓடிவந்தாள். "கெண்டையில முள்ளு எடுத்து மாளாது. விராலையே விடச் சொல்லுங்க. அதுல நடுமுள்ளு ஒண்ணுதான்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே தெரிந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

துல்கர்னைன் சாரல் வருகிறதா என்று பார்ப்பவன்போல வானத்தைப் பார்த்தான்.

பிள்ளை குனிந்து, விரால் பானையைத் தம் கையாலேயே எடுத்துக் குளத்தில் கவிழ்த்தார்.

துல்கர்னைனின் பெண்டாட்டி ஜாஹிரா பீவியிடம் இரண்டு வருஷமாகத் தையல் படிக்கப் போய்வருகிற ஆவுடையம்மாள், இதுவரை ஒரு தலையணை உறைகூடத் தைத்துக் கொண்டுவந்ததில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.