அல்லேலூயா விசாரணை

தேயிலைத் தோட்டத்தில் புதிதாக முளைத்த அல்லேலூயா சபை ஆட்களை மயக்கி அடிமையாக்குகிறது என்று தோட்ட நிர்வாகியான துரை முறைப்பாடு செய்திருந்தார். ஞாயிறு வேலைக்கு ஆள் வராவிட்டால் அவருக்கும் கோபம் வராதா?

விசாரிக்கப் பதுளையிலிருந்து வந்த அதிகாரி அம்பலவாணர் கெட்டிக்காரர். சபை என்ற பேச்சையே எடுக்காமல் கேட்டால்தான் உண்மை வரும் என்பது அவர் கட்சி. துரையின் ஆபீசிலேயே உட்கார்ந்து, சபைக்குப் போகும் ரெங்கம்மாவைக் கூப்பிட்டார். துரை தேநீரை உறிஞ்சியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"பயப்பிடாமல் சொல்லுங்கோ. விடியமுன்னம் எழுப்பி வரிசையில நிக்க வைக்கினமோ?"

"ஆமாங்க. பிந்துனா திருப்பி அனுப்பிருவாங்க."

"உழைச்சதிலயும் பிடிக்கினமோ?"

"எதுக்குப் பிடிக்கிறாங்கன்னே வெளங்கலீங்க."

அம்பலவாணர் துரையைப் பார்த்துத் தலையாட்டினார். துரையும் ஆட்டினார்.

"வெளியாக்கள் வந்து கதைக்கலாமோ?"

"கேட்டுட்டுத்தாங்க உள்ளயே விடுவாங்க."

"பிள்ளையளையும் இழுக்கினமோ?"

"எம் மகளுக்கு இந்த மாசந்தாங்க பேரு பதிஞ்சாங்க."

"விட்டுட்டுப் போனால் என்ன?"

"இருக்குற வீட்டயும் பிடுங்கிருவாங்களேங்க!"

அம்பலவாணர் மேசையில் ஓங்கி அடித்தார்.

"இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? உங்களை இப்பிடி ஆட்டிப் படைக்கிற ஆள் ஆர்? கையை நீட்டிக் காட்டுங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்."

ரெங்கம்மா நெளிந்தாள்.

"அவரு ஒங்க பக்கத்துலயே உக்காந்து தேத்தண்ணி குடிக்கிறப்ப, எப்புடிங்கய்யா கைய நீட்டுறது?"