பாதி அழிந்த பறவை

ஜெனிட்டாவின் வடிவமைப்புக் கல்லூரியில் எல்லாமே தலைகீழாகத்தான் நடந்தது. மனதில் நினைத்தால் போதும், இயந்திரம் போஸ்டரை முடித்தே கொடுத்துவிடும். தேர்வுக்கு ஆரம்பக் கட்டப் பென்சில் தாள்களும் வேண்டுமே என்று, "கொஞ்சம் தடுமாறின மாதிரி போட்டுக் குடு" என அதனிடமே பிறகு கேட்டு வாங்கிக்கொள்வார்கள். அழித்த தடம், விரல் பட்ட கறை எல்லாம் அச்சாகி வரும்.

இந்த முறை அவளுக்கு உப்பளத் திருவிழா போஸ்டர். வெள்ளை வெளேரென்ற குவியல்கள், மேலே பெரிய நிலா. பென்சில் தாளின் ஓரத்தில் மட்டும் பாதி அழிந்த பறவை ஒன்று இருந்தது. போஸ்டரில் பறவையே இல்லை.

"இது எங்க போகுது?"

"எங்கேயும் இல்லை. தடுமாற்றத்துக்காக வைத்தேன்," என்றது இயந்திரம்.

அதன்பின் கண்ணை மூடினாலே அந்தப் பறவை உப்பின் மேல் பறந்தது, இறங்க இடம் தெரியாமல். கடைசியில் அவளே ஒரு பென்சிலைத் தேடி எடுத்தாள்.

தேர்வன்று அவளிடம் அவளே பறவையை வரைந்து அழித்த கசங்கிய தாள்கள்தான் இருந்தன.

"முடிச்ச போஸ்டர் எங்கம்மா?" என்றார் பிரிசில்லா மிஸ்.

"பறவை இன்னும் இறங்கல மிஸ். பெயிலாக்கினாலும் பரவால்ல."

மிஸ் சிறகைத் தொட்டார். விரலில் கரி ஒட்டிக்கொண்டது. அதையே வெகுநேரம் பார்த்தவர், துடைக்காமலே அடுத்த மாணவனின் தாளைப் புரட்டினார். அதிலிருந்த அச்சுக் கறைகளுக்கு நடுவே, நிஜக் கறை ஒன்று விழுந்தது.